லால்பாக்கில் ஏற்றிய கற்பூரம்

இன்று பெங்களூரு லால்பாக்கில் மகளோடு நடந்தபோது மிகப் பழைய மரம் ஒன்றைப் பார்த்தேன். திருவண்ணாமலைக்காரனின் கிரிவலப் பழக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு அதன் அடியில் கற்பூரம் ஏற்றினேன்.

பூங்காக் காவலர் ஓடிவந்து காலால் மிதித்து அணைத்தார். தமிழிலேயே திட்டினார். "சருகு பத்திக்கிச்சுன்னா மரம் என்னாவும் பெரியவரே?"

"எங்க ஊர்ல மலையையே கும்பிடறோம். மரத்துக்குக் காட்டினா என்னய்யா?" என்று நானும் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது.

மகள் அவர் முன்னால் கைகூப்பினாள். "எங்கப்பாதாங்க. தெரியாம செஞ்சுட்டாரு. விட்டுடுங்க."

யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான். எனக்காக அவள் கேட்டபோது என்னால் தலைநிமிர முடியவில்லை.

அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. முதலில் யார் பேச வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். நான்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.