ஏரிக்கரை கேம்பஸா, புடவைக் கடை மாடியா?

போன வாரம் ஷெரின் ஊருக்கு வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். மும்பையில் ஃபைனான்ஸில் மாஸ்டர்ஸ் முடித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டவள். வந்த மறுநாள் காலையிலேயே அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. பி.காம். முடித்தவர்கள், முடிக்கப் போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள்... ஆளுக்கொரு சந்தேகம். கிளறிப் பார்த்தால் எல்லாம் ஒரே சந்தேகம்தான் — பெரிய பேர் உள்ள காலேஜா, வேலை கிடைக்கிற ஊரில் உள்ள காலேஜா?

இந்தக் கேள்வி அந்த வீட்டை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டவளே நான்தானே!

ஷெரினின் அப்பா அந்தோணி அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அம்மா ஃபிலோ அக்கா வீட்டோடு இருப்பவர். ஷெரின் பி.காம். முடித்துவிட்டு, ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாள். அங்கேதான் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

"ஆன்ட்டி, இத்தாம் பெரிய கப்பல வாங்க யாரு கடன் குடுக்கறா? அது முங்கிப் போச்சுன்னா யாரு அழுவறது?"

நான் பேங்கில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கினவள். நகைக் கடன் தெரியும், வீட்டுக் கடன் தெரியும். கப்பல் கடனுக்கு நான் எங்கே போக?

அவளே படித்துத் தெரிந்துகொள்ள முடிவு செய்தாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று, வடக்கே ஒரு மிகப் பெரிய கல்வி நிறுவனம். பேரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஏரிக்கரையில் கேம்பஸ், மான்கூட மேயுமாம். ஆனால் பக்கத்தில் நகரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இன்னொன்று மும்பையில். ஒரு புடவைக் கடையின் மாடியில் நடக்கும், யாரும் கேள்விப்படாத காலேஜ். ஆனால் பேங்குகளும் கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் நடந்து போகிற தூரத்தில்.

ஃபீஸ் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன்மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை.

பெரிய இடத்தில் சீட் என்றதும் அந்தோணி அண்ணனின் தோஸ்துகள் சும்மா இருப்பார்களா? எங்கள் ராயபுரத்தில் கல்மண்டபம் திருப்பத்தில் ஃபிளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள். ஷெரினின் சிரித்த முகம், பின்னால் அந்தப் பெரிய நிறுவனத்தின் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சிலும் அறிவித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஷெரின் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, நான் பாம்பேல சேரலாம்னு கீறேன். அப்பாவாண்ட நீங்கதான் சொல்லணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி, பேனரைப் பார்த்தியா இல்லியா?"

"பாத்தேன். மூஞ்சி நல்லாதான் வந்துகீது."

நான் பெரிய பேருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். முதல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் காலேஜ் பேரைப் பார்த்துத்தானே ரெஸ்யூமேயைப் பிரிக்கிறார்கள்? ராயபுரம் அட்ரஸைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள்கூட, அந்தப் பேரைப் பார்த்தால் உட்காரச் சொல்வானே? இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அங்க படிக்கிற ஒரு அக்காவாண்ட போன்ல பேசினேன் ஆன்ட்டி. சாருங்கல்லாம் சூப்பராம். பொய் சொல்லல அவங்க. ஆனா கப்பல் ஃபைனான்ஸ் பத்தி கேட்டா, அது எங்க சிலபஸ்லயே இல்லியேன்ட்டாங்க."

வேறு வழியில்லாமல் அவளோடு போனேன். அந்தோணி அண்ணன் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க ஆபீசருங்க புள்ளைங்க எயுதி எயுதிப் பாத்து கெடைக்காத எடம் தங்கச்சி அது. எம் பொண்ணுக்கு கெட்ச்சிக்கீது. அத்தப் போய் வாணாம்னு சொல்லுது பாரு!" மகள் பக்கம் திரும்பினார். "பாம்பேல இன்னாம்மா கீது? கடல்தான? இங்க இல்லாத கடலா?"

"கடல் இங்கயும் கீதுப்பா. கடன் குடுக்கறவன் அங்கதான கீறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சமையலறையில் ஒருவர் போனதும் இன்னொருவர் வந்து சாப்பிட்டார்கள். ஃபிலோ அக்காவுக்குத்தான் பேஜாராகிவிட்டது. ஒருநாள் போட்டு உடைத்தார்.

"ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிகினு எத்தினி நாளு கீப்பீங்க? போய் அந்த காலேஜக் கண்ணால பாத்துட்டு வாங்களேன்!"

போனார்கள்.

புடவைக் கடை வாசலில் நின்று, "காலேஜ் எங்க?" என்று கேட்டிருக்கிறார் அந்தோணி அண்ணன். துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டைக் காட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் வேறு ரிப்பேர். ஏறும்போதே மனசு விட்டுப் போய்விட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மேலே போனால், வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்களாம். அப்பாவும் பெண்ணும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏதோ கம்பெனியில் வேலை முடித்த கையோடு, தோளில் லேப்டாப் பையோடு வந்த ஒருவர் பாடம் எடுத்தார்.

"இங்கிலீஷ்ல இன்னா பேசினான்னு ஒரு எயவும் புரில தங்கச்சி. ஆனா ஒருத்தன்கூட செல்ல எடுத்துப் பாக்கல. கிளாஸு முட்ஞ்சும் வுடல அவன. படிக்கட்டு வரைக்கும் கேள்வி கேட்டுகினே வராங்க, அவனும் பதில் சொல்லிகினே எறங்கறான்."

திரும்பி வரும் ரயிலில், "சேந்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பர் பெர்த்தில் ஏறி, போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டாராம். தூங்கினாரா, அழுதாரா... ஷெரினுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பேனரை அவரே போய் அவிழ்த்து எடுத்துவந்தார். ஃபிலோ அக்கா அதை மொட்டை மாடியில் விரித்து, கருவாடு காயப்போட்டார். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், வீணாக்குவானேன்!

தெரு அவ்வளவு லேசில் விடுமா? "சீட்டு கெடைக்கவே இல்லியாம், சும்மா பேனர் கட்டிகினாங்களாம்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. சர்ச் வாசலில் என் காதிலேயே விழுந்தது. அந்தோணி அண்ணன் காதிலும் விழுந்திருக்கும். சீட் கிடைத்ததற்கு ஆதாரம் அவர் செல்போனிலேயே இருந்தது. ஒருத்தரிடமும் எடுத்துக் காட்டவில்லை அவர்.

மும்பையும் ஷெரினுக்கு மாலை போட்டு வரவேற்கவில்லை. ஹாஸ்டல் கிடையாது. நெருக்கியடித்த அறையில் வேறு பெண்களோடு தங்கினாள். முதல் மழைக்காலத்தில் ஜுரம் வந்து படுத்தபோது, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாள். "நான் அப்பவே சொன்னேனே" என்று கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? அந்தோணி அண்ணன் கேட்கவில்லை. "கஞ்சி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது செமஸ்டரில், பாடம் எடுக்க வந்த ஒருவரிடம் கேட்டுக் கேட்டு, கப்பல் கடன்களைக் கவனிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்ன் ஆகச் சேர்ந்தாள். பகலில் ஆபீஸ், சாயங்காலம் வகுப்பு. ஏரிக்கரையில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்க முடியாது. படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை.

போன வாரம் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் இதையெல்லாம் சொன்னவள், இன்னொன்றையும் சொன்னாள். "ஒரு பெரிய பேங்குக்கு அப்ளை பண்ணேன். உங்க காலேஜ்ல நாங்க ஆள் எடுக்கறதில்லன்ட்டான். என் மார்க்ககூட பாக்கல. அப்டியும் நடக்கும். தெரிஞ்சுகினு சேருங்க."

நான் போட்ட ஓட்டும் முழுக்கச் செல்லாத ஓட்டு இல்லை என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு!

பேரா, ஊரா என்று தராசில் வைக்கிறோம். என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று தெரியாமல் எதை வைத்து நிறுப்பது? ஷெரினுக்குக் கப்பல் கடன் என்று ஒரு பிடிவாதம் இருந்தது. ஆராய்ச்சி செய்ய வேண்டும், பேராசிரியர் ஆக வேண்டும் என்றிருந்தால் அவளை ஏரிக்கரைக்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். வேறொரு பெண்ணுக்கு இரண்டுமே பொருந்தாமல் போகலாம்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவளிடம் கேட்டேன். "அந்தப் பெரிய இடம் எப்பவாவது ஞாபகம் வருமா?"

"வரும் ஆன்ட்டி. லோக்கல் ட்ரெய்ன்ல நசுங்கிகினு நிக்கசொல்ல நல்லா வரும். ஸ்டேஷன் வந்துச்சுன்னா எறங்கி வேலையப் பாக்கப் பூடுவேன்."