என் கை ராசியும் லண்டன் பத்திரமும்

என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு லண்டன் சித்தப்பா பொம்மையும் கொண்டுவரவில்லை, உடுப்பும் கொண்டுவரவில்லை. எனக்காகப் பரிசுச் சேமிப்புப் பத்திரம் வாங்கியிருப்பதாகக் கேக் வெட்டும் நேரத்தில் அறிவித்தார். சுவிசில் இருக்கும் பிள்ளையின் பெயரில் வாங்குவது சிக்கல் என்று தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். போட்ட காசு போட்டபடியே இருக்கும், வட்டி மட்டும் கிடையாது. மாதம் ஒருமுறை ஓர் இயந்திரம் இலக்கங்களைத் தெரிவு செய்யும். அதில் எங்கள் இலக்கம் அகப்பட்டால் பரிசு முழுவதும் எனக்கு. நான் அழாமல் இருக்கப் பெரிதும் பாடுபட்டேன்.

அப்பாவுக்கும் பிடிக்கவில்லை. உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று உழைத்த மனிதருக்குச் சும்மா கிடக்கும் எதைக் கண்டாலும் கோபம் வரும்.

"வட்டி இல்லாத காசு நித்திரை கொள்ளுற காசு. வித்துப்போட்டுப் பிள்ளையின்ரை கணக்கிலை போடு."

"உங்கடை சுவிஸ் பாங்க் எவ்வளவு வட்டி தருது, அண்ணை?"

அப்பா பேச்சை மாற்றினார். அந்த ஆண்டுகளில் என் சேமிப்புக் கணக்கின் ஒரு வருட வட்டிக்கு ஒரு சொக்கிலேட் வாங்குவதே சந்தேகம். ஆனாலும் பத்திரத்தை வைத்திருக்கலாமா, விற்கலாமா என்ற வழக்கு அதன்பின் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நடந்தது. சித்தப்பா ஒவ்வொரு மாதமும் எடுத்து, "இந்த மாசமும் இல்லை," என்று ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொல்வார். போகப்போக நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் என்னுடைய காரணம் வேறு.

சுவிசின் வின்டர்தூர் நகரில் நாங்கள் இருந்த கட்டடத்தின் சலவை அறைக்கு முறை உண்டு. எங்களுடைய நாள் வரும்வரை அழுக்குடுப்புக் காத்திருக்கும். நாள் வந்தால் இயந்திரம் எங்களுடையது. அம்மா சேர்ந்திருந்த குலுக்குச் சீட்டும் அப்படித்தான். தமிழ்ப் பெண்கள் சிலர் மாதாமாதம் ஒரே அளவு காசு போடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டுப் பிடிக்கிற மாமியின் வீட்டில் பெயர்களை எழுதிச் சுருட்டி, எவர்சில்வர் செம்பில் போட்டுக் குலுக்குவார்கள். யாருடைய பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதத்துக் காசு முழுவதும். அடுத்த மாதம் அவருடைய பெயர் செம்பில் இராது. ஆகவே பொறுத்திருந்தால் எல்லோருக்கும் ஒருநாள் விழுந்தே தீரும்.

லண்டன் இயந்திரத்தையும் ஒரு பெரிய செம்பு என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். பரிசு பெற்ற இலக்கம் மறுமாதமும் அதற்குள்ளேயே கிடக்கும், நெடுநாள் காத்திருப்பவர் மேல் அதற்கு இரக்கம் ஒன்றும் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுடைய முறை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

தவிர, குலுக்கலில் எனக்கு அனுபவமும் இருந்தது. மாமி வீட்டுச் செம்புக்குள் கைவிடுவது என் வேலை. பெரியவர்கள் எடுத்தால் பிறகு கதை கட்டுவார்கள் என்று பிள்ளையின் கையைத்தான் விடுவார்கள். நான் எடுத்ததும், காசு விழாதவர்கள் மிச்சச் சுருள்களை விரித்துத் தங்கள் பெயர் உள்ளே இருந்ததா என்று பார்ப்பார்கள். அது அவர்களுடைய உரிமை. அதைச் சத்தம் போட்டுத்தான் செய்வார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு முதியோர் பராமரிப்புப் படிப்பொன்றில் இடம் கிடைத்தது. ஹோட்டல் அறைகளைக் கூட்டித் துடைத்தே அவருடைய இடுப்புப் போயிருந்தது. மாத முடிவுக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அப்பாவோ அப்போதுதான் ஊரில் ஒரு கலியாணத்துக்குக் காசு அனுப்பிக் கையிருப்பைத் துடைத்திருந்தார்.

"பத்திரத்தை வித்தால் அலுவல் முடிஞ்சுது," என்றார் அப்பா.

"பிள்ளைக்கெண்டு வாங்கினதிலை நான் படிக்கிறதோ? வேண்டாம்."

"அப்ப சீட்டுக்கார அக்காவைக் கேள். முன்னுக்குத் தருவா."

"கேட்டால் தருவினம். அதாலைதான் கேக்க மனம் வரேல்லை. அவையளுக்கும் அவசரம் இருக்கும்தானே."

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா கழுவி வைத்த கோப்பைகளை மறுபடி எடுத்துக் கழுவினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. லண்டன் இயந்திரம் கொஞ்சம் கெதியாக வேலை செய்தால் என்ன என்று அதன்மேல் கோபம் வந்தது.

சனிக்கிழமை சீட்டுக்காசைக் கொடுக்க என்னைப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மாமி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமி குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆளின் தோரணையில் நான் சொன்னேன்:

"அம்மா படிக்கப் போறா, மாமி. மாசம் முடியமுந்திக் காசு கட்ட வேணும். ஆனால் பிரச்சினை இல்லை. லண்டனிலை எனக்கு முறை வரப்போகுது."

மாமி அடுப்பைக் குறைத்தார்.

"எந்த லண்டன்? என்ன படிப்பு? ஆறுதலாச் சொல்லு, ராசாத்தி."

பத்திரம், இயந்திரம், அம்மா மாட்டேன் என்றது, அப்பா அனுப்பிய கலியாணக் காசு, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். மாமி இரண்டு ரோல்ஸ் தந்தார். வீட்டுக்கு வந்து ரோல்ஸ் தின்றதைச் சொன்னேன். கதைத்ததில் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததாக எனக்குப் படவில்லை.

மறுநாள் குலுக்கல். வழக்கமாக வாய் மூடாத பெண்கள் அன்று கோயிலில் இருப்பதுபோல இருந்தார்கள். செம்புக்குள் கையை விட்டுக் கிளறி ஒன்றை எடுத்து விரித்தேன். அம்மாவின் பெயர்!

நான் கதிரையில் ஏறித் துள்ளினேன். அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள், காசு விழாதவர்களும். மாமி செம்பை அவசரமாக இழுக்க, மிச்சச் சுருள்கள் அவருடைய தேநீருக்குள் விழுந்துவிட்டன. "ஐயோ, பாரன் என்ரை கையை," என்று அவர் கோப்பையோடு குசினிக்குப் போனார். சுருள்களை விரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. மாமிக்கு வயது போய்விட்டது, கை நடுங்குகிறது என்று எண்ணி நான் பரிதாபப்பட்டேன்.

அம்மா படித்தார். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்றும் அங்கேதான் இருக்கிறார். பத்திரமும் இன்னும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இரண்டு முறை சின்னப் பரிசு விழுந்திருக்கிறது. பாங்க் வட்டியோடு பார்த்தால் மோசமில்லை என்பார் சித்தப்பா. மோசம்தான் என்பார் அப்பா.

மாமி மகனோடு ஜெனீவாவுக்குப் போனபோது சீட்டை அம்மாவின் பொறுப்பில் விட்டுப்போனார். போன வருடம் ஒரு ஞாயிறு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா மேசை முன் அமர்ந்து சீட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எல்லாத் துண்டிலும் ஒரே பெயர். கணவன் வேலை இழந்திருந்த ஒரு பெண்ணின் பெயர்.

"என்னம்மா இது?"

"சத்தம் போடாதை. மற்றவை எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது."

"அப்ப அண்டைக்கு..."

"எனக்கும் பிறகுதான் தெரியும். சீட்டைத் தரேக்கை மாமி இதையும் சொல்லித் தந்தவ."

"இவவுக்கு அவசரமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அம்மா சிரித்தார். "அவளின்ரை சின்னன் வந்து கதைச்சுக்கொண்டிருந்தது."

அந்தச் சின்னப்பெண்தான் அன்று செம்புக்குள் கைவிட்டாள். தாயின் பெயரைக் கண்டதும் வீடு அதிரக் கத்தினாள். அம்மா மிச்சச் சுருள்களைத் தேநீருக்குள் தவறவிட்டார். பிள்ளை என்னிடம் ஓடிவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டி, "அக்கா, என்ரை கை ராசியான கையோ?" என்று கேட்டது.

ஓம் என்றேன். என் அம்மாவைப் படிக்க வைத்தது என் கை இல்லை, மாமியின் குசினியில் திறந்த என் வாய்தான் என்று அறிய எனக்கே இத்தனை வருடம் பிடித்திருந்தது. அவளுக்கு இப்போதுதான் ஏழு வயது.