அம்மையின் தட்டில் உடைந்த பருப்பு

எங்கள் பக்கத்தில் முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். குலசேகரம் போகிற வழியில் இருந்த ஆபீஸில் அம்மையைப் போல அண்டி தல்ல ஆளில்லை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்து ஒரே அடி. ஓடு பிளக்கும், பருப்பு கீறல் இல்லாமல் வெளியே வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன?

அந்தச் சித்திரையில் உடைசல் கூடிப்போயிற்று என்று முதலாளி புதுக் கண்டிப்பு வைத்தார். முழுப்பருப்பின் விலை உடைந்ததற்குக் கிடையாது, பொடிந்தது வீண். சாயங்காலம் தட்டுகளைப் பார்த்து, அதிகம் உடைத்தவளைக் களத்துக்கு அனுப்பிவிடுவார்கள். களம் என்றால் வெயிலில் மூட்டை சுமப்பது.

அம்மைக்குப் பக்கத்தில் சித்தி இருந்து தல்லுவாள். அவளுக்கு அப்போது மூன்று மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்திருந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் கூடப் போய் ஓடு பொறுக்குகிற எனக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அன்று சித்திக்குத் தலைசுற்றி, அடி தப்பித் தப்பி விழுந்ததை மட்டும் பார்த்தேன்.

மேஸ்திரி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மை சட்டென்று தன் தட்டைச் சித்தியின் முன்னால் தள்ளி, அவளுடையதை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“யம்மா, அது சித்திக்க தட்டுல்லா!”

ஓட்டின் எண்ணெய் பொள்ளாமல் இருக்கச் சாம்பல் பூசிய அம்மையின் கை என் வாயைப் பொத்தியது. “சும்ம இரி மக்கா.” எங்கேயாவது முந்திரி வறுக்கிற வாசம் வந்தால், இந்த வயதிலும் அந்தக் கையைத் தேடிப் போகிறது மனசு.

மேஸ்திரி தட்டைக் கிளறினார். “என்னக்கா, ஒனக்க கைக்கு என்ன வந்து?”

“கைதானே. ஒரு நாள் பெசகும்.”

“முழுப்பருப்பு மகாராணிக்கும் ஒடையுமாக்கும்!” என்றாள் எதிர் வரிசைக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மையும் சிரித்தாள். சித்தி தலை நிமிரவில்லை.

மறுநாளிலிருந்து அம்மை களத்தில். வீட்டுக்கு வந்தால் சோறு தின்றதும் படுத்துவிடுவாள். தலையில் பேன் பார்க்க மாட்டாள், மடியில் இருத்திக் கதை பேச மாட்டாள். பக்கத்தில் படுத்து அவள் திரும்புவாள் திரும்புவாள் என்று பார்த்துக் கிடப்பேன்.

ஐப்பசி மழையில் சித்திக்குப் பையன் பிறந்தான். மாமியார்க்காரி கை நீட்டியும் சித்தி பிள்ளையைக் கொடுக்கவில்லை. நாங்கள் நனைந்துகொண்டு போய்ச் சேரும்வரை அணைத்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். அம்மை ஈரத்தலையைத் துவட்டிவிட்டு உட்கார்ந்ததும் சித்தி பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. என் இடத்தில் வேறொருத்தன் படுத்துக்கிடக்கிறானே என்று, அம்மையின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன்.