குடும்பத்துக்கு ஒரு ஓட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ராஜாவும் இருந்தார், ஓர் அரசியல் சட்டமும் இருந்தது. ராஜா என்றால், ஆறு வருடமாகப் போட்டியே இல்லாமல் ஜெயித்துவந்த தலைவர். சட்டம் அவரே எழுதியது: குடும்பத்துக்கு ஒரு ஓட்டு, அதைப் போடுபவர் குடும்பத் தலைவர். மனைவிமார்களுக்கு அடுப்படியில் பூரண சுதந்திரம் உண்டு.

சங்கக் கூட்டம் நடக்கவிருந்த ஒரு வாரம், மகளுக்குப் பள்ளியில் பிரான்ஸ் பாடம். ராஜாவை வைத்துக்கொண்டே அங்கே முதல் அரசியல் சட்டம் எழுதியபோது, வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டாம். பெண்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் கிடையாதாம். வீட்டுப்பாடத்துக்கு உதவப்போன என் கணவர் கொதித்துப்போனார்.

"என்ன அநியாயம் பாரு! பாதி ஜனத்தையே லெஃப்ட் அவுட் பண்ணிட்டாங்க!"

"ஞாயித்துக்கெழம மீட்டிங்ல நம்ம ஓட்டை நான் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றார்.

எனக்கு அந்த ஓட்டு வேண்டியிருந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்பை நான்தான் நடத்தினேன். வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். அதை, காரில் அரை மணி நேரம் போகவேண்டிய ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு, தலைவர் வீட்டுப் பக்கமாக, மாற்றத் தீர்மானம் வந்திருந்தது. எனக்கு லைசென்ஸ் இல்லை. இருந்த ஒரே காரும் சனிக்கிழமை காலை கணவரோடு டென்னிஸுக்குப் போய்விடும். அமெரிக்கா வந்த பிறகு எனக்கென்று வாய்த்தது அந்தப் பதினொரு பிள்ளைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஓட்டுச் சீட்டு கொடுக்கும் வேலை என்னுடையது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுச் சீட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சீட்டைத் தூக்கிக் காட்டி ஓட்டெடுப்பு என்று அறிவித்தபோது பெண்கள் சாம்பார் சூடுபண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஹாலுக்கு வந்து, "எதிர்க்கிறேன்" என்று சீட்டைத் தூக்கிக் காட்டினேன்.

தலைவருக்குச் சிரிப்பு. "சிஸ்டர், ரூல் உங்களுக்குத் தெரியாததா? ஹெட் ஆஃப் தி ஃபேமிலி என்ன சொல்றார்?"

பிரெஞ்சுப் பெண்களுக்காகக் கொதித்தவர், தன் ஷூவைப் பார்த்தபடியே, மாற்றத்துக்கு ஆதரவாக வெறும் கையைத் தூக்கினார். நான் சீட்டை மறுபடி கைப்பைக்குள் திணித்தேன். தீர்மானம் நிறைவேறியது. சாம்பாரும் பிரமாதம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவரிடமிருந்து போன். "சிஸ்டர், நாளைக்கு கிளாஸ் புது எடத்துல. எப்படியாவது வந்துடுவீங்கல்ல? வேற யாரும் கிடைக்கல."

"எங்க வீட்டுல அதுக்கு ஓட்டுப் போட்டவர் இருக்காரே, அவரே வந்து கிளாஸ் எடுக்கட்டும்" என்று ரிசீவரைக் கணவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் டென்னிஸ் மட்டையை வைத்துவிட்டு, என் பாடப்புத்தகங்களை அள்ளிக்கொண்டு அவர் பாடம் நடத்தக் கிளம்பினார். கார் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது. அது என் வகுப்பு.