மச்சான் கொண்டுவந்த சொல்

சவூதியில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த என் மச்சான், அதாவது என் கூடப்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை, இரண்டு பெரிய பெட்டிகளோடு ஒரு இங்கிலீஷ் சொல்லையும் கொண்டுவந்தார். பெட்டிகளுக்குள் இருந்தவை கொஞ்சக் காலத்தில் கிழிந்தும் உடைந்தும் போயின. சொல்லுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

போகும்போது அவர் கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர். திரும்பி வந்தபோது சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கி, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியமாகச் சொன்னார்: "எல்லாம் செட், மாமா."

வாப்பாவுக்கு விளங்கவில்லை. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிற மனிதர். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

முதலில் அந்தச் சொல் சாமான்களோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்க விளிம்பு வைத்த தேத்தண்ணி செட். ராத்தாவுக்குக் கழுத்து, காது, கை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நகை செட். கடைசியாக, இரண்டு பேர் பிடித்து இறக்கிய டீவி செட். தேத்தண்ணி செட்டில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நகை செட்டைக் கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் ராத்தா போடலாம், வந்ததும் கழற்றி மச்சானின் கையில் கொடுத்துவிட வேண்டும். டீவி செட்டைத் தொடவே கூடாது.

டீவியைப் பார்க்கத் தெருவே வந்து எங்கள் ஹோலில் பாய் விரித்து உட்கார்ந்தது. கூரைக்கு மேலே பைப்பில் அன்டனா கட்டி, பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிவிட்டு, மச்சான் கீழே நின்று கத்தினார். "மேற்கால திருப்புங்க! இன்னும்! ஆ, செட்டாகுது, செட்டாகுது!" திரையில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறினது போல ஒரு வெள்ளை. அதற்குள் யாரோ ஒருவர் அசைந்தார், ஆணா பெண்ணா தெரியவில்லை. ஒருவரும் எழும்பிப் போகவில்லை. "ஆக்கள் தெரியிறாங்க" என்று ஒரு பெண் சொன்னாள். அவளை நம்பி மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மச்சானைவிட அந்தத் தலையாட்டல்களைப் பார்க்கத்தான் கூடுதல் எரிச்சல்.

"செட்டில பிழை இல்ல, ஊர்லதான் பிழை" என்றார் மச்சான். ஊர் அதற்கும் தலையாட்டியது.

பிறகு சொல் மனிதர்கள் மேல் ஏறியது. வெளிநாடு போய் வந்தவர்களும் போகக் காத்திருந்தவர்களுமாக நாலைந்து பேர் பின்னேரமானால் எங்கள் ஹோலுக்கு வருவார்கள். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி கழற்ற மாட்டார்கள். "இது எங்கட செட்" என்று மச்சான் அறிமுகப்படுத்துவார். அந்தச் செட்டுக்கு ராத்தா தினமும் தேத்தண்ணி ஊற்றினாள், ரொட்டி சுட்டாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிகரெட் சாம்பல் கூட்டினாள். மச்சானோ எதையெடுத்தாலும் செட் பண்ணிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு வேலை செட் பண்ணுவார், ஒருவருக்குக் காணி செட் பண்ணுவார். ஒன்றும் நடந்ததாக நான் அறியவில்லை.

நான் அப்போது ஏ லெவல் எழுதி முடித்து ஆசிரியை நியமனத்துக்குக் காத்திருந்தேன். என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் அகராதி இருந்தது. ஒரு நாள் அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தேன். முடிவில்லாமல் பக்கம் பக்கமாகப் போனது. சூரியன் மேற்கில் படுவதும் செட், முறிந்த எலும்பைப் பொருத்துவதும் செட், சீமெந்து இறுகுவதும் செட். ஒரு வேலையும் இல்லாமல் சாய்மனைக் கதிரையில் கிடந்துகொண்டு ஊரை ஏய்ப்பதற்கு மட்டும் அதில் அர்த்தம் போட்டிருக்கவில்லை.

வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு மச்சான் எனக்கும் ஒன்று செட் பண்ணினார்.

ஜித்தாவில் ஒரு கம்பனிக்கு ஆள் எடுக்கிறவராம். லீவில் வந்திருக்கிறாராம். "சும்மா சாப்பிட வாறார்" என்று சொல்லி நெய்ச்சோறும் கோழியும் வட்டிலப்பமும் ஆக்கச் சொன்னார். வந்தவர் வாப்பாவுக்கு நாலைந்து வயது இளையவராக இருக்கலாம். நல்லாகச் சாப்பிட்டார். நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் சுடுதண்ணி கேட்டார். மச்சான் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து, நாங்கள் யாரும் வாய் வைக்காத அந்தத் தங்க விளிம்புக் கோப்பையில் கொண்டுவந்து நீட்டினார். வந்தவர் வாய்க்குள் விரலை விட்டு மேல் வரிசைப் பல்லைக் கழற்றி, அந்தக் கோப்பையில் போட்டு அலசினார். வெட்கம் இல்லை, பெருமைதான். தூக்கி வாப்பாவுக்குக் காட்டினார்.

"ஜித்தாவுல கட்டின செட்டு. இஞ்ச இப்பிடிக் கட்ட ஆள் இல்ல."

"பாத்தீங்களா மாமா, ஒரிஜினல் பல்லுத் தோத்துப் போகும்" என்றார் மச்சான்.

வாப்பா தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ராத்தா எனக்குப் பக்கத்தில் நின்றாள். சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"மாட்டன் எண்டு செல்லிப்போடாத புள்ள. மச்சான் திரும்பப் போற விசா இவர் கையிலதான் இரிக்கி. உன்னக் கட்டித் தந்தா விசா தாறன் எண்டு செல்லியிரிக்கார்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"போன கிழமை."

எனக்குக் கோபம் வந்ததாகச் சொன்னால் அது சரியில்லை. வந்தது அருவருப்பு. புடவைக் கடையில் ஒரு சீலையை எடுத்து மடித்து நீட்டுவது போல மச்சான் என்னை நீட்டியிருக்கிறார், அதுவும் தனக்கு ஒரு விசாவுக்காக.

திரையை விலக்கிக்கொண்டு ஹோலுக்குள் போனேன். வந்த ஆம்பிளைகளுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப் போய் நின்றதில்லை. வந்தவர் அவசரமாகப் பல்லை மாட்டினார்.

"வாப்பா, எனக்கு இந்த இடம் வேணாம்."

"எந்த இடம்?" என்றார் வாப்பா. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

மச்சான் எழும்பிவிட்டார். "உள்ள போ புள்ள. எல்லாம் செட் பண்ணி முடிஞ்சி. சீதனமாக் கடக்கரைக் காணியும் தாறதெண்டு கதைச்சாச்சி."

"நான் என்ன சீமெந்தா மச்சான், நீங்க குழைச்சி ஊத்தினதும் செட்டாகிறதுக்கு?"

வாப்பா கை கழுவவும் இல்லை. "யாருட்டக் கேட்டு என்ட காணியக் கதைச்சீங்க?" என்று மருமகனைக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சந்தோசம் தந்தாலும், மகளை விட்டுவிட்டுக் காணியைப் பற்றிக் கேட்டாரே என்பது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. வந்தவர் ஸலாம் சொல்லாமல் போனார். அடுத்த மாதமே வேறு ஊரில் ஒரு பிள்ளையைக் கட்டினார் என்று கேள்விப்பட்டோம்.

மறுநாள் மச்சான் கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. கோபம் வந்தால் உம்மா வீடுதான் அவர்களுக்கு வழி. ராத்தாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு, தள்ளுவண்டி பிடித்து, டீவி செட்டை மட்டும் பழஞ்சீலையால் சுற்றி ஏற்றிக்கொண்டு போனார். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த கவனத்தைக் குழந்தைமேல் அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

கிழமை கழியுமுன் அதே வண்டியில் திரும்பி வந்தார். அவருடைய உம்மா வீட்டில் கரண்ட் இல்லை.

ராத்தா கதவைத் திறந்தாள். சோறு போட்டாள். மீன் தலையையும் அவருக்கே வைத்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, வாப்பாவும்தான்.

"ஒருக்கா அவரோட கதையன் புள்ள" என்று பிறகு பலமுறை ராத்தா கெஞ்சினாள்.

"கதைக்க என்ன இரிக்கி?"

"என்ட மாப்பிள்ள தானே."

"அதுதான் எனக்குக் கவலை" என்றேன். அவள் அழுதாள். அப்படியும் நான் போய்க் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குச் சம்மாந்துறையில் இங்கிலீஷ் ஆசிரியை நியமனம் கிடைத்தது. வேறு யாரையோ பிடித்து மச்சானும் விசா எடுத்துவிட்டார். அவர் புறப்பட்ட காலையில் முன்பு டீவியின் வெள்ளையைப் பார்த்துத் தலையாட்டிய தெரு முழுக்க வழியனுப்ப வந்து நின்றது. சிலர் அழவும் செய்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு அவர்களை விலக்கி நடந்து போய் பஸ் ஏறினேன். ஆறாம் வகுப்புக்கு முதல் பாடம் என்னுடையது.