சிவத்தின் மின்சாரப் புகைப்பெட்டி

போன கிழமை கடையொன்றில் ஒரு சின்னப் போத்தலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். உள்ளே இருந்தது புகைச் சுவையாம். இரண்டு துளி விட்டால் இறைச்சி நாள் முழுக்கப் புகையில் கிடந்தது போலிருக்குமாம். எனக்கென்னவோ எரிந்த கார் ரயர்தான் மணத்தது. கடைப் பிள்ளையோடு நான் சண்டைக்குப் போவதற்குள் மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். புகை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் விசர்.

அதற்குக் காரணம் சிவம். வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக் குளிரில் ஒன்றாக விறைத்து, ஒன்றாக ஒஸ்லோவுக்கு இறங்கி, இரண்டாயிரங்களில் அதன் புறநகரான புருசெத்தில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். கோடைச் சனிக்கிழமைகளில் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு இரும்புப் பீப்பாவில் அவன் ஆட்டுத் தொடைக்குப் புகை போடுவான். மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "கொஞ்சம் அடங்கட்டும்" என்பான். நான் விசிறுவேன், என் தகுதி அவ்வளவுதான். மத்தியானமே ஆட்கள் வந்துவிடுவார்கள். புகை திசை மாற மாற நாங்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வேலையிடத்துச் சண்டை, வீட்டுச் சண்டை எல்லாம் கதைப்போம். சிவத்தின் தம்பி செத்த செய்தியைக்கூட அந்தப் புகைக்குள் நின்றுதான் அவன் எனக்குச் சொன்னான். கண் கலங்கியதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

பிறகு அந்த மின்சாரப் புகைப்பெட்டியை வாங்கினான். பளபளவென்று, ஒரு குட்டிக் குளிர்சாதனப் பெட்டி மாதிரி.

"பொத்தானை அமத்தினாச் சரி மச்சான். பக்கத்திலை நிக்கத் தேவையில்லை."

"நிக்கிறதுக்குத்தானேடா நாங்கள் வாறம்?"

சிரித்தான்.

அவனுடைய மகள் நிலா பள்ளிப்படிப்பை முடித்ததற்கு விருந்து. பெட்டி பல்கனியில் வேலை செய்தது. நாங்கள் உள்ளே காற்பந்து பார்த்தோம். இடையில் அவன் மனைவி ராணி மின்சாரச் சோற்றுப் பானையையும் கேத்திலையும் ஒன்றாகப் போட, மின்சாரம் போனது. உடனே சரிசெய்துவிட்டார்கள். பெட்டியிலும் வெளிச்சம் வந்தது. சூடு மட்டும் வரவில்லை. திரும்பப் பொத்தானை அமத்த வேண்டுமாம். அது யாருக்குத் தெரியும்?

எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்க, சிவம் தொடையை வெட்டினான். உள்ளே இளஞ்சிவப்பாக, குளிர்ந்து கிடந்தது.

"அப்பா, இது பச்சை இறைச்சி!" என்றாள் நிலா.

"ஒருத்தன் பக்கத்திலை நிண்டிருந்தா இப்பிடி நடக்குமோ?" என்றேன்.

"வெளிச்சம் எரிஞ்சதடா" என்றான் சிவம், கத்தியைக் கீழே வைக்காமல். உள்ளங்கையால் நெருப்பை அறிந்தவன் சொன்ன பதில் அது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் பல்கனியால் எறியலாம் போலிருந்தது. உறைந்த பீட்சாவைச் சூடாக்கித் தின்றோம். அவன் தொடவில்லை.

இனிப் பீப்பாவுக்குத் திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். அவனோ அலாரம் அடிக்கும் பெரிய பெட்டியொன்றை வாங்கினான்! பீப்பா கட்டடத் துப்புரவு நாளில் குப்பையோடு போனது.

இப்போது அவன் இறைச்சி பிழையாய்ப் போவதில்லை. "ஆறு மணிக்கு வாங்கோ" என்று செய்தி வரும். போவோம், சாப்பிடுவோம், எட்டுக்கு எழும்பி வந்துவிடுவோம். போன வருசம் அவனுக்கு இதய சத்திரசிகிச்சை நடந்ததை மூன்றாம் ஆள் சொல்லித்தான் அறிந்தேன்.