விண்கப்பலில் பிறந்தவர்கள்

மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை உரித்து ஈரச் சாக்கில் கட்டிவைப்போம்; அந்த "ஒட்டுப்பால்" நாற்றம் மழை நாளில் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்க நிற்கும். தெஹியோவிட்டவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது என்பதால், பெரியப்பா வீட்டு முன்பக்க "இஸ்தோப்பில்" எல்லோரும் வந்து குந்திக்கொள்ள, அவருடைய மகள் செல்வி அக்கா, சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், கையில் சிங்களப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாயால் தமிழில் கதை சொல்வார்.

அந்த வருடம் அக்கா எடுத்தது, பிள்ளைகளே, யாரோ ஒரு வெளிநாட்டு எழுத்தாளர் எழுதிப் பெரிய பரிசு வாங்கிய விஞ்ஞான நாவல். ஒரு கப்பல் வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறது. ஏறியவர்கள் வழியிலேயே இறந்துபோக, அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் கரையைக் காண்பார்கள்.

"இந்த மனுசன் கப்பல்ல போயிருக்காரா?" என்றார் பெரியப்பா, பின்னட்டைப் படத்தைப் பார்த்து.

"சொந்த ஊரவிட்டே போனதில்லையாம்."

"அப்பறம் எப்புடி நம்ம கதைய எழுதுனாரு?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தாத்தாமார் இந்தியாவிலிருந்து கப்பலில் இந்தத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள். அங்கே திரும்பிப் போக இளம் வயதிலேயே இந்தியப் பாஸ்போர்ட் எடுத்த பெரியப்பா, கப்பல் ஓட்டம் நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டார். அந்த வருடம்தான் எங்கள் மக்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கப் படிவங்களோடு ஆட்கள் வரப்போவதாகத் தோட்டத்தில் அறிவித்திருந்தார்கள். இங்கேயே இருக்கச் சம்மதம் என்று பெரியப்பா கையெழுத்து வைத்தால்தான் அக்காவுக்கு அடையாள அட்டை கிடைக்கும், அது இருந்தால்தான் உயர்தரப் பரீட்சை எழுதலாம். அவரோ, என்றைக்கானாலும் போகிறவன் எதற்குக் கையெழுத்து வைப்பது என்று பிடிவாதமாக இருந்தார்.

கதையில், பாதி வழியில், பூமியிலிருந்து திரும்பி வரச் சொல்லித் தகவல் வருகிறது.

"திரும்புறதுதான் ஞாயம்," என்றார் பெரியப்பா. "சொந்த மண்ணு கூப்புடுதில்ல."

"பூமிய கண்ணால பாக்காதவனுக்கு அது என்னா சொந்தம்?" என்றார் பக்கத்து வீட்டு மாரிமுத்து மாமா. "நீங்க திருச்சிய பாத்திருக்கீங்களா மச்சான்?"

"எங்கப்பா பாத்திருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்து வந்த இரண்டு மழை நாளும் தலைவலி என்று சொல்லி உள்ளேயே இருந்துவிட்டார். மூன்றாவது மழைக்குத்தான் முடிவைச் சொன்னார்: கப்பலில் பிறந்தவர்கள் திரும்ப மறுத்து, போன இடத்தில் இறங்கி வீடு கட்டினார்கள்.

"ஹரி," என்றார் பெரியப்பா, சிங்களத்தில் சரி என்று. ஆட்கள் வந்த அன்று வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்.

இப்போது பெரியப்பா இல்லை, லயத்தையும் இடித்துவிட்டார்கள், மழை பெய்தால் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அண்மையில்தான் அந்த நாவலைத் தமிழில் வாசித்தேன். அதில் கப்பல் பூமிக்கே திரும்பிவிடுகிறது. கரவனெல்ல பஸ் நிலையத்தில் அக்காவைக் கண்டபோது, ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எழுதுனவருக்குத்தான் பரிசு கெடச்சிருச்சே தம்பி," என்றார். "நான் பரீட்ச எழுத வேணாமா?"